மிஞ்சிய சொல்

இடது தோளுக்கடியில் கையைக் கொடுத்து அவரைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டியபோது, விளங்காத வலது கை அவர் உடம்புக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. அவள் கவனிக்கவில்லை. ஈரமான விரிப்பை உருவிவிட்டு வேறொன்றைச் செருகும் அவசரத்தில் இருந்தாள்.

"பரவால்ல," என்றார் அவர்.

குரல் சரியாக இல்லை. குனிந்து பார்த்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கையை இழுத்து விடுவித்துத் தேய்த்துவிட்டாள்.

"வலிச்சுதா?"

"பரவால்ல."

"வலிச்சுதான்னு கேட்டேங்க."

"பரவால்ல, பரவால்ல, பரவால்ல!" இந்த முறை கத்தல். கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப் பக்கம் இறங்கியது. அதைத் துடைத்த கையில் நெற்றி சுட்டது. நேற்று இருந்ததைவிட அதிகமாகச் சுட்டது.

அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். தெருவில் காய்கறி விற்பவர் முதல் தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் 'மாஸ்டர்'. மைதானத்தில் வாலிபால் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். மருத்துவமனையில் கண் திறந்தபோது வலப்பக்கம் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் விளக்கினாள். "பேச்சுக்கான இடத்துலயே அடி பட்டிருக்கும்மா. ஆனா ரொம்ப பழகின வார்த்தை ஒண்ணு ரெண்டு சில பேருக்குத் தப்பிச்சுடும். இப்ப அவர் ஆமான்னு சொல்ல நினைச்சாலும் இதுதான் வரும், இல்லைன்னு சொல்ல நினைச்சாலும் இதுதான் வரும். தண்ணி கேட்டாலும் இதான், திட்டினாலும் இதான்."

"அவருக்குத் தெரியுமா, இதான் வருதுன்னு?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "சில நேரம் தெரியும்மா. அதான் கஷ்டம்."

வேறு எந்தச் சொல் மிஞ்சியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வேதனை இருந்திருக்காது. இந்தச் சொல்லோடுதான் அவள் இத்தனை வருஷமும் மல்லுக்கட்டியிருந்தாள். மாஸ்டருடைய பெண்கள் குழு கோப்பை என்று ஒன்றைத் தொட்டதே இல்லை. ஒரே ஒரு முறை அரையிறுதி வரை போனார்கள், எதிர்க்குழுவின் வண்டி வழியில் நின்றுபோனதால். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிக்கொண்டு வருவார். "பரவால்ல, மூணாவது செட்ல பத்து பாயின்ட் எடுத்துட்டாங்க." "பரவால்ல, இந்தத் தடவை எதிராளிக்குக் கொஞ்சம் வேர்த்துச்சு."

"தோத்துட்டு வந்தவர் மாதிரியா இருக்கு? விருந்து சாப்ட்டுட்டு வந்தவர் மாதிரி இருக்கு," என்பாள்.

அப்படிச் சொல்ல அவளுக்கு வராது. அவள் வேலை பார்த்தது ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். முடிவுகளைத் தட்டச்சு செய்து உறையில் போட்டுக் கொடுப்பாள். அளவு மீறிய எண்களைத் தடித்த எழுத்தில் அடிக்க வேண்டும். உறையைப் பிரித்ததும் பிரிக்காததுமாக எதிரில் நிற்பவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "நல்லாத்தானே இருக்கு?" அவள் பதில் சொல்லக்கூடாது. "டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று மட்டும் சொல்லலாம். அவர்கள் படியிறங்கிப் போவதைப் பார்த்தபடி அடுத்த உறையை எடுப்பாள். பார்த்துப் பார்த்து, நம்பிக்கை என்பது எண்ணைப் பார்க்காதவர்களுக்கு வருவது என்று அவளுக்குப் பட்டிருந்தது.

ஒருநாள் அவள் பாத்திரம் கழுவ, அவர் வாங்கித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றும் தோல்விதான், படுதோல்வி.

"நெஜமாவே கேக்கறேன். எங்கேர்ந்து வருது உங்களுக்கு?"

அவர் தட்டைத் துடைப்பதை நிறுத்தினார். "எங்கேர்ந்தும் வரல. ஆட்டம் முடிஞ்சதும் அதுங்க பன்னண்டும் என் மூஞ்சியப் பாக்கும். என்னத்தச் சொல்றது? வாய் முதல்ல சொல்லிடும். மனசு பின்னாடியே நொண்டிக்கிட்டு வந்து சேர்ந்துக்கும்."

"சேராட்டி?"

"வீடு வர்றதுக்குள்ள சேர்ந்துடும். நடந்துதானே வர்றேன்," என்று சிரித்தார்.

இப்போது வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு எங்கே நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாத்தனாருக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. தம்பி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கூடவே இருந்தார். "படுத்த படுக்கையா கெடக்கறான், ஒரு முனகல் உண்டா? பரவால்லங்கறான். இந்த மனசுக்கே எழுந்திரிச்சுடுவான், பாரேன்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வருகிறவர்களும் நம்பினார்கள். மூலையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் தினமும் வந்தார். கடையை மூடிவிடலாமா என்று யோசனையில் இருந்தார் அவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று ஆரம்பித்து, மகன் பேச்சைக் கேட்பதில்லை என்பது வரைக்கும் கொட்டுவார். மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்ல," என்பார். கடைக்காரர் எழுந்து வேட்டியை உதறிக்கொள்வார்.

"மாஸ்டரப் பாத்துட்டுப் போனா ஒரு தெம்புதாம்மா."

முந்தின நாள் மலச்சட்டி கவிழ்ந்து முதுகெல்லாம் ஆனபோதும் மாஸ்டர் இதையேதான் சொல்லி அழுதார் என்று அவள் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப வேறெதுவும் இருக்கவில்லை.

விரிப்பு மாற்றி முடித்ததும் நெஞ்சில் சளி கரகரப்பது கேட்டது. இரண்டு நாளாக விழுங்கும்போதெல்லாம் புரையேறிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் கொடுத்ததில் பாதி வழிந்துவிட்டது. அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் வேறு நகரத்தில் இருந்தான்.

"தம்பி, நீ கெளம்பி வா."

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"காய்ச்சல் ஜாஸ்தியாயிருக்கு. நெஞ்சு கரகரங்குது. மதியம் டாக்டர் வரேன்னிருக்கார். எனக்கு மனசு சரியில்ல. நீ வந்துடு."

"உனக்கு என்னிக்கும்மா மனசு சரியா இருந்திருக்கு?" அவன் கிண்டலாகத்தான் சொன்னான், ஆனால் குரலில் பயம் இருந்தது. "அப்பாகிட்ட குடு."

"அவர்கிட்ட என்ன கேக்கப் போற? ஏற்கனவே சொல்லியிருக்கேன்ல உனக்கு."

"குடும்மா. ஒரு நிமிஷம்."

கதவைத் திறந்து போய்க் கைபேசியை அவர் காதருகே பிடித்தாள். மகனின் குரல் மெல்லியதாக வெளியே கசிந்தது. "அப்பா, எப்படிப்பா இருக்கீங்க? நான் இன்னிக்கே வரணுமா? சனிக்கிழமை வரட்டுமா? இங்க வேலை முடிய ரெண்டு நாள் ஆகும்ப்பா."

மாஸ்டரின் இடது கை எழுந்து அவளுடைய மணிக்கட்டைப் பற்றியது. உதடுகள் எதையோ வனைவதுபோலக் குவிந்தன, விரிந்தன, மறுபடி குவிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பரவால்ல," என்றார்.

"பாத்தியா!" கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் சொன்னார். "அவனே சொல்றான்."

அவள் கைபேசியைத் தன் காதுக்கு மாற்றினாள். மகன் மூச்சு விடுவது கேட்டது. பாரத்தை இறக்கி வைத்தவனின் மூச்சு. "சனிக்கிழமை விடியறப்ப வந்துடறேம்மா. அப்பா தெம்பாத்தான் பேசறார்."

"தம்பி, அது பேச்சு இல்லடா…"

"நீ பயந்து பயந்து அவரையும் பயமுறுத்தாதம்மா. வெச்சுடறேன்."

அவள் மறுபடி அழைத்திருக்கலாம். செத்துக்கொண்டிருக்கிறார் என்று அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை அவருடைய தலைமாட்டிலோ, பத்தடி தள்ளிய சமையலறையிலோ நின்றுதான் சொல்ல வேண்டும். அவர் காது நன்றாகவே கேட்டது. கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டாக்டர் மதியம் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை முதுகிலும் மார்பிலும் வைத்து வைத்துக் கேட்டார். அதைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பால் நுரையீரலுக்குப் போயிருக்கு. சளி கட்டிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். தொண்டைல குழாய் போட்டு மெஷின்ல வெப்பாங்க. சில நாள் கூடலாம்."

"குழாய் போட்டா பேச முடியுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. டாக்டர் தலையாட்டினார். "முடியாது."

"போடாட்டி?"

"மருந்து தரேன். மூச்சுத்திணறல் தெரியாம வெச்சுக்கலாம்." பிறகு, கேட்டுவிடுவது முறை என்று நினைத்தவர்போலக் கட்டில் பக்கம் குனிந்தார். "மாஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"பரவால்ல."

டாக்டர் அவளைப் பார்த்தார். போகலாம் பரவாயில்லை என்றா, வேண்டாம் பரவாயில்லை என்றா?

"வேணாங்கறான்," என்றார் நாத்தனார். "வீட்லயே தேறிடுவேங்கறான். எனக்குத் தெரியாதா என் தம்பிய?"

அவள் தரையில் மண்டியிட்டு அவருடைய இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "ஏங்க, இங்க பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா என் கைய அழுத்துங்க."

அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார்.

அவளுக்கு உடம்பு லேசாகியது. பதில் கிடைத்துவிட்டது. எழப்போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றையும் கேட்டாள். "இங்கயே, வீட்லயே இருக்கணும்னா அழுத்துங்க."

அதே அளவுக்கு அழுத்தினார். விடவும் இல்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பந்தைத் தூக்கிப் போட்டுப் போட்டு விரல் கணுக்கள் பெருத்த கை. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"இங்கயே இருக்கட்டும்," என்றாள். யாருடைய விருப்பத்தைச் சொன்னோம் என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியப்போவதில்லை.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல முடிவு," என்றார். அடுத்த மாதம் கைத்தடி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்றும், நாலு கால் உள்ளதே நல்லது என்றும் சொன்னார். டாக்டர் பையை மூடும் சத்தம் கேட்டது. அவள் நாத்தனாரை மறுக்கவில்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். போய்க் கொஞ்சம் படுங்கள் அண்ணி என்று உள்ளறைக்கு அனுப்பினாள்.

மருந்து போட்டபின் மூச்சின் கரகரப்பு தணிந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கி எதிர்வீட்டு மாடிக்குப் போயிற்று. தெருவில் யாரோ ஒரு கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் கண்ணைத் திறந்தார். கலங்கல் இல்லாத பார்வை. அவள் முகத்தில் எதையோ தேடுவதுபோல நெற்றிக்கும் வாய்க்கும் இடையே மெதுவாகப் போய் வந்தது.

"பரவால்ல?"

அவள் கை நின்றது. சொல்லின் கடைசி மேலே ஏறியிருந்தது. இத்தனை நாளில் அது கத்தலாக வந்திருக்கிறது, கெஞ்சலாக, அழுகையாக வந்திருக்கிறது. கேள்வியாக வந்ததில்லை. மூச்சு முட்டியதால் குரல் அப்படி உயர்ந்துவிட்டதா? இல்லை, அவளைத்தான் கேட்கிறாரா?

"என்னையா கேக்கறீங்க?"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உறையைப் பிரித்துவிட்டு முகத்தைப் பார்ப்பவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். வாய் முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்றும் இல்லை என்றும் கொள்ளக்கூடியபடி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் இரண்டு மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. மறுபடி ஒன்று வந்தது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். தெருவில் கதவு சத்தமில்லாமல் ஆடத் தொடங்கியிருந்தது.

மகன் மறுநாள் காலையில் வந்தான். வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் எழுந்து அவன் பையை வாங்கிக்கொண்டார். உள்ளே அப்பாவின் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார் அவன் தோளில் சாய்ந்து, "நேத்துகூடச் சொன்னானேடா, நேத்துகூடச் சொன்னானே," என்று அழுதார். அவன் அழவில்லை. எழுந்து சமையலறைக்கு வந்தான். அவள் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரே சொன்னாரேம்மா," என்றான்.

அவள் திரும்பினாள்.

"நீ வான்னு சொன்ன. எனக்குத் தெரியும், நீ சொன்ன. ஆனா அவரே…"

வரச் சொல்லத்தான் அவர் அத்தனை பாடுபட்டார் என்று சொல்லலாம். வரவேண்டாம் என்றுதான் சொன்னார் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அவளிடம் ஒரே சாட்சிதான் இருந்தது, மணிக்கட்டைப் பற்றிய ஒரு பிடி. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தன. எங்கோ இருட்டில் அவசரமாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். ஒருபக்கம் காலர் காதைத் தொட, மறுபக்கம் சட்டை நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியையும் கழற்றிவிட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து அளவு பார்த்து, கீழிருந்து மாட்டத் தொடங்கினாள். அவன் கைகளைத் தொங்கவிட்டபடி, அவள் கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது முகவாயைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான்.