தொங்கும் கால்களின் அரசியல்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒரு பல்கலைக்கழகக் கலை, வடிவமைப்புத் துறையின் இணையதளத்தில் 'ஆய்வு, கற்பித்தல் ஆர்வங்கள்' என்ற பகுதியை மத்தியானம் முழுக்க வாசித்தேன். ஒருவருக்குப் பத்தொன்பது ஆர்வங்கள். பத்தொன்பதிலும் சேர்த்து ஒரு ஆணியாவது அடித்திருப்பாரா? அவரை அங்கேயே துறைத்தலைவர் ஆக்கிவிட்டேன்.

முதல் வரி: 'மூன்றாம் மாடி ஜன்னலில் மழை...' வேண்டாம். மழை பெய்தால் இலக்கியம் என்று நம்பிவிடுவீர்கள்.

2

நாற்காலி மேடம் அதே துறையில் ஒப்பந்த ஆசிரியை. பதினோரு வருடமாக நாற்காலி செய்யச் சொல்லித்தருகிறாள். வகுப்பறை நாற்காலி ஏன் முதுகை ஒடிக்கிறது என்று, அளவு நாடாவும் கையுமாக நானூறு மாணவர்களையும் அவர்கள் உட்காரும் நாற்காலிகளையும் அளந்தவள். தன் ஆய்வு ஆர்வமாக அதையே எழுதி, அளவுப் பட்டியலையும் இணைத்தாள். அங்கே யார் எழுதினாலும் தலைவர் மொழியைச் செப்பனிட்ட பிறகுதான் இணையதளத்தில் ஏறும்.

செப்பனிட்டார். தன் பெயரில் ஏற்றிக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து, பணி நீட்டிப்புக்கு அவள் அதே ஆய்வைக் கொடுத்தபோது, எழுபது சதவீதம் தலைவரிடமிருந்து திருடியது என்றது, எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். நீட்டிப்பை முடிவுசெய்யும் குழு விளக்கம் கேட்டது.

(மென்பொருளைத் திட்டாதீர்கள். அதற்கு யார் முந்தி ஏற்றினார் என்பது மட்டும்தான் தெரியும்.)

3

பட்டியலில் ஒரு தப்பு இருந்தது. வரைபட மேசைக்கான உயர முக்காலியை வகுப்பறை நாற்காலி என்று அவள் தவறுதலாகச் சேர்த்திருந்தாள். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. தலைவர் அந்த ஒற்றை அளவைப் பிடித்துக்கொண்டு 'தொங்கும் கால்களின் அரசியல்' என்று கட்டுரை வாசித்து, மூன்று மாநாடுகளில் கைதட்டல் வாங்கிவிட்டார். பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்திருந்தால், எல்லார் காலும் தரையில் இருப்பது தெரிந்திருக்கும்.

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு குடுத்துடுங்க மேடம். பெருந்தன்மையா விட்டுடறேன்."

"எதுக்கு சார்? என் வேலையை நீங்க சுருட்டினதுக்கா?"

"சுருட்டினேன்னு சொல்லாதீங்க. உங்க டேட்டாவுக்கு ஒரு தியரி குடுத்தேன்."

"அந்த அளவே தப்பு சார். அது முக்காலி! வகுப்புல அப்படி ஒண்ணு கிடையாது. குழுவுல சொல்லப்போறேன்."

தலைவர் ஒரு நொடிதான் வெளுத்தார்.

"தாராளமா சொல்லுங்க. அளக்கவே தெரியாதவங்களுக்கு எதுக்கு நீட்டிப்புன்னு கேப்பாங்க."

4

முடிவு ஒன்று: தலைவர் தலைகுனிகிறார், அவள்... கிழித்துப் போட்டேன். அப்படிப்பட்ட தலைவர்கள் குனிவது விருது வாங்கும்போது மட்டும்.

முடிவு இரண்டு: அவள் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள். எழுத முயன்றேன். என் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

ஆகவே நேராகக் குழு அறைக்குப் போய்விட்டாள். "அளவும் என்னோடது, தப்பும் என்னோடது. தப்போட சேர்த்துத் திருடியிருக்கார், அதான் சாட்சி," என்று சொல்லிவிட்டு நிற்கிறாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

குழுவில் ஐந்து பேர். நீட்டிக்கலாம் என்று இருவர். தப்பாக அளந்தவள் வேண்டாம் என்று இருவர்.

ஐந்தாவது நீங்கள். இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, சும்மாவா? கையைத் தூக்குங்கள், அவள் பார்க்கிறாள்.