ஓரளவு திறந்த கதவு

பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னதும்தான் பெரியக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. பெயர் வேண்டாதவர்களுக்கு வயது எதற்கு? எந்தப் பிரிவு, எத்தனை பிள்ளைகள், வேலைக்கு வந்து எத்தனை வருடம் என்பதெல்லாம் எதற்கு?

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியின் இஸ்திரிப் பிரிவில் நாற்பதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். நாற்பத்தேழு என்று எழுதுவதும் நெற்றியில் பெயரை ஒட்டிக்கொண்டு நிற்பதும் ஒன்றுதான்.

கேள்வித்தாளைக் கொண்டுவந்தவள் ஒரு கல்லூரிப் பெண். வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சியாம். சாப்பாட்டு அறையில் நின்று, "மனசுல இருக்கறதை அப்படியே எழுதுங்க. யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது" என்றாள்.

"எழுதி என்கிட்ட குடுங்க, நான் சேர்த்து அனுப்பிடறேன்" என்று சூப்பர்வைசர் குழைந்தார். இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது.

"வேண்டாம் சார், பெட்டி வச்சிருக்கேன்."

பெட்டிக்குப் பூட்டு இருந்தது. சாவி எங்கே என்று பெரியக்காவின் கண் தேடியது. அந்தப் பெண்ணின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

பதினாலாவது கேள்வி இப்படி இருந்தது: 'வேலை நேரத்தில் பின்வாசல் கதவு திறந்திருக்கிறதா? ஆம் / இல்லை / ஓரளவு.'

"கதவு எப்படி அத்தை ஓரளவு திறந்திருக்கும்? தலை மட்டும் வெளிய போற மாதிரியா?" என்றாள் மருமகள். பெரியக்காவின் மகனைக் கட்டியவள். தையலில் கடைசி மிஷின் அவளுடையது. பின்வாசல் கதவை ஒட்டினாற்போல.

"மெதுவாடி. அந்தாளு காது இந்தப் பக்கம்தான் இருக்கு."

துணி திருட்டுப் போகிறதென்று அந்தக் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார்கள். போன மாதம் இஸ்திரிப் பெட்டியின் வயர் கருகி, கூடமெல்லாம் புகை. மருமகள் அந்தக் கதவைக் குத்திக்கொண்டு நின்றாள். பெரியக்காதான் புகைக்குள் புகுந்து அவளை முன்வாசலுக்கு இழுத்து வந்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாய்விட்டுக் கேட்கலாம் என்றால், முன்பு அப்படிக் கேட்ட ஒருத்திக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை.

"எல்லாரும் முப்பது வயசுன்னு போட்டுடுவோம் அத்தை. பிள்ளை ரெண்டு, வேலைக்கு வந்து அஞ்சு வருஷம். எவன் கண்டுபிடிப்பான்?"

"உனக்கு இருபத்திரண்டுதானே?"

"உங்களுக்காக எட்டு வயசு கூட்டிக்கிறேன். நீங்க பதினேழு குறைச்சுக்கறீங்க. யாருக்கு லாபம்னு பாருங்க."

பேச்சு மேசைக்கு மேசை தாவியது. கூடமே முப்பது வயதானது. அந்தத் துணிச்சலில், நேரில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று தலை குனிபவர்கள்கூட, 'இல்லை' என்பதைத் தாள் கிழிய வட்டமிட்டார்கள்.

அடுத்த வாரம் கல்லூரிப் பெண் மறுபடி வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எல்லாருக்கும் முப்பது வயசு, ரெண்டு பிள்ளை. நானே வீட்டுல உக்காந்து எழுதிட்டேன்னு எங்க பேராசிரியர் நினைக்கிறார். எதையும் சேர்த்துக்க முடியாதுன்னுட்டார்."

"பதினாலாவது கேள்வியும் போச்சா?" என்றாள் பெரியக்கா.

"மொத்தமும் போச்சும்மா."

புதுத் தாள்களை நீட்டினாள். பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனி ஆளோ? உண்மை வயதைக் கறக்கத்தான் இந்த நாடகமோ?

"இதை யாரு படிப்பா?"

"நானும் பேராசிரியரும். அப்புறம் அறிக்கையா தொழிலாளர் துறைக்குப் போகும். இந்தக் கம்பெனிக்கும் ஒரு பிரதி குடுப்போம். எத்தனை பேர் என்ன சொன்னாங்கன்னு மட்டும்தான் அதுல இருக்கும்."

"இஸ்திரியில நாப்பத்தேழு ஒரே ஒருத்தின்னா?"

"நாப்பதுக்கு மேலன்னு போட்டுக்கலாம்."

"நாப்பதுக்கு மேலயும் நான் ஒருத்திதான்."

அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அதை நான் யோசிக்கலைம்மா."

பொய் சொல்ல வந்தவளாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது ஒன்றை அவிழ்த்துவிட்டிருப்பாள் என்று பெரியக்காவுக்குப் பட்டது. நம்பிக்கை வந்ததா என்றால், ஓரளவு வந்தது.

"அத்தை, முப்பத்தஞ்சுன்னாவது..." என்று மருமகள் கிசுகிசுத்தாள்.

"வாயை மூடிக்கிட்டு உன் வயசை ஒழுங்கா எழுது."

பெரியக்கா நாற்பத்தேழு என்று எழுதினாள். பதினாலாவதில் 'இல்லை' என்பதை வட்டமிட்டு, தாளை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மணி அடித்து எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினார்கள். பெட்டியோடு கிளம்பிய பெண்ணைச் சூப்பர்வைசர் கூடத்திலேயே மறித்தார். "பெட்டியை ஆபீஸ்ல வச்சுட்டுப் போம்மா. நாளைக்கு வாங்கிக்கலாம்."

பெரியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார். பின்வாசல் வழியா விட்டா பாப்பாவுக்குக் கிட்டம்."

"திறந்துதான் இருக்குமா சார்?" என்று அந்தப் பெண்ணும் கேட்டாள்.

"திறந்துதாம்மா இருக்கும். இன்னைக்குத்தான்..." என்று இழுத்தபடி அவர் கதவுக்குப் போனார். முதல் சாவி நுழையவில்லை. இன்னொன்று நுழைந்தது, திரும்பவில்லை. மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அடுத்த சாவி எதுவென்று அவர் தேடிக்கொண்டிருக்கையில், கல்லூரிப் பெண் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, மிஞ்சிய தாளொன்றில் பதினாலாவது கேள்விக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள்.