மேசைமேல் வந்த பித்தான் ஆலை

ஒசாகாவின் பித்தான் ஆலை ஒரு செவ்வாய்க்கிழமை காலை எடின்பரோவில் மர்டோ கில்கிறிஸ்டின் மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அளவில் ஒரு செருப்புப் பெட்டி. பங்கு விலை தேய்ந்துபோனதால் ஆலையும் விலைக்குத் தக்கபடி சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். சீந்துவாரற்ற வெளிநாட்டுப் பங்குகளைத் தேடித் தேடி எங்கள் முதலீட்டு நிதிக்கு வாங்குவது மர்டோவின் வேலை. வாங்கியவனிடம்தானே சரக்கு வரும்? எறும்பளவு தொழிலாளர்கள் தினமும் வாசலில் வரிசையாக நின்று அவருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். மர்டோ தும்மல் வந்தால் தாழ்வாரத்துக்கு ஓடினார்.

மூன்று வருடத்தில் ஆலை சோப்புப் பெட்டியளவாகிவிட்டது. சந்தையில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அள்ளும் நிதிகளோ கொழுத்தன. "என்னய்யா, பொம்மைக் கடையா போட்டிருக்க?" என்றார் நிதியின் தலைவர். மர்டோவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, அதேபோல் கண்ணை மூடி அள்ளும் ஓர் இயந்திரத்திடம் பணத்தைக் கொடுக்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. எங்கள் ஊர்ப் பங்குதாரர்கள் இலவச சாண்ட்விச்சுக்காகவே வருகிறவர்கள். மிஞ்சியதைக் கைப்பைக்குள் போட்ட பிறகுதான் கையைத் தூக்குவார்கள். ஓட்டு சரிபாதியாக நின்றது. பாக்கி எஃபி ட்ரம்மண்ட் அம்மாள் மட்டும். கணவர் விட்டுப்போன காசெல்லாம் இந்த நிதியில். வீட்டுக் கூரையோ ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் மேசைக்குப் போய், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆலை வாசலில் ஒரு பிஸ்கட் துணுக்கை வைத்தாள். எள்ளளவு ஆட்கள் அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோனதும் சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

"ஒழுங்காத்தானே ஓடுது! வாங்கினதவிட மலிவாயிடுச்சா தம்பி?"

"பாதிக்கும் கீழ போயிடுச்சும்மா." என்றார் மர்டோ.

"தள்ளுபடியில போய் எந்தக் கிறுக்கனாவது விப்பானா? இன்னும் வாங்கு. நான் ஒழுகுற எடத்துல இன்னொரு வாளி வெச்சுக்கறேன்."

அவள் ஓட்டில் தீர்மானம் தோற்றது. பிறகு விலை விழித்துக்கொண்டது. ஆலை ஊதியது, மேசை முறிந்தது, புகைபோக்கி அலுவலகக் கூரையைப் பொத்துக்கொண்டு போனது. உரிய விலை வந்தால் விற்றாக வேண்டும், நிதியின் விதி அது. மர்டோவுக்கு மனம் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

"அழாத தம்பி, வித்துடு," என்றாள் எஃபி அம்மாள். "என் கூரையையும் கொஞ்சம் பாரு."

விற்றார். அவர் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தொழிலாளர்கள் கடைசியாகக் குனிந்து வணங்கினார்கள். ஆலை ஊருக்குப் போய்விட்டது. அவர் ஒரு வாரம் அழுதார். எஃபி அம்மாளின் கூரையை முடித்த கொத்தனார் அடுத்து அலுவலகக் கூரைக்கு வந்தார். அதற்குள் மர்டோவின் புது மேசையில் சிலி நாட்டு ரயில் ஒன்று தேநீர்க் கோப்பையைச் சுற்றி நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. மழை அதன்மேல் சொட்டாமலிருக்க எஃபி அம்மாள் தன் வாளிகளைக் கொடுத்தனுப்பினாள், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான்.