மச்சான் முகத்தில் ஒருவன்

குவைத்திலிருந்து மூன்று வருஷம் கழித்து லப்பைக்குடிக்காட்டுக்கு வந்து இறங்கிய சிக்கந்தரை, அவன் மனைவி ரஹ்மத் வாசலில் நின்று ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அந்நிய ஆளைக் கண்டவள்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மத்தியானம் சோறு போட்டாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று, அவன் சாப்பிடுவதையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

"மீன் தலையத்தான் மொதல்ல எடுக்குறான் மதினி," என்று, பக்கத்தில் நின்ற சிக்கந்தரின் அக்காவான ஜுலைகாவின் காதில் ரஹ்மத் சொன்னாள். "யாரோ நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காங்க."

ஜுலைகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி, ஒன் புருஷன்டி அது!"

"மூஞ்சி அவரு மூஞ்சிதான். ஆளு அவரு இல்ல."

ரஹ்மத்தின் குரல் ஆண்குரல்போலக் கரகரத்திருந்தது. பல மாதமாக அப்படித்தான். சளி என்று விட்டிருந்தார்கள்.

மறுநாள் கடைவீதிக்குப் போன சிக்கந்தர், கறி எவ்வளவு வாங்குவது என்று கேட்க எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினான். ரஹ்மத்தான் எடுத்தாள்.

"மச்சான்!" பெரிதாக அழத் தொடங்கினாள். "எங்க இருக்கீங்க? வூட்டுக்குள்ள ஒருத்தன் வந்திருக்கான். உங்க மூஞ்சிய வச்சிருக்கான், உங்க சட்டையப் போட்டிருக்கான். நம்ம புள்ள அவனப் பெத்த தகப்பனாட்டம் 'அத்தா'ன்னு கூப்புடுது. சீக்கிரம் வாங்க மச்சான்."

"ரஹ்மத், அது நான்தான்டி."

அவள் அழுகையை நிறுத்தினாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அவன் உங்க பக்கத்துல நிக்கிறானா? அப்படிச் சொல்லச் சொல்றானா?"

சிக்கந்தர் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக் கதவில் அவன் முகம்தான் தெரிந்தது.

ஜின் பிடித்திருக்கும் என்று ஜுலைகா பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்தாள். அவர் ஓதி முடித்துவிட்டு ரஹ்மத்தை உற்றுப் பார்த்தார். "நான் ஓதிட்டேன் தம்பி. ஆனா மே மாசத்து வெயில்ல இந்தப் பொண்ணு கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்குது. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

அந்த ஆளோடு பஸ் ஏற மாட்டேன் என்று ரஹ்மத் கதவைச் சாத்திக்கொண்டாள். சிக்கந்தர் மறுபடி பூத்துக்குப் போனான்.

"அந்த ஆள நான்தான் அனுப்பிச்சேன். நல்ல மனுஷன். அவரோட பெரம்பலூர் போயிட்டு வா."

"நீங்க சொன்னா போறேன் மச்சான்."

பெரம்பலூரில், மின்விசிறியை நிறுத்தச் சொன்ன ரஹ்மத்தை டாக்டர் வேணுகோபால் ஆச்சரியமாகப் பார்த்தார். பார்வை, காது, ஞாபகம் எல்லாவற்றையும் சோதித்தார். எதிலும் குறையில்லை. உப்பியிருந்த முகத்தையும், ஓரத்தில் உதிர்ந்துபோன புருவத்தையும், சொரசொரத்த தோலையும் தொட்டுப் பார்த்தார். நாற்காலியில் முழங்காலிட வைத்து, குதிகாலுக்கு மேல் ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. பிறகு, திரும்பி வர மனமில்லாததுபோல, மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டர் சிக்கந்தர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பி ஓய்ஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன். அது சுரக்கலன்னா ஒடம்பு மொத்தமும் மந்தமாயிடும். ரொம்ப அபூர்வமா புத்தியும் பெசகும். ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சிடும்."

"போன்ல பேசுனா மட்டும் என்னைத் தெரியுதே டாக்டர்?"

"ஒரு மொகத்தப் பாத்தா யாருன்னு தெரியணும், நம்ம ஆளுன்னு மனசுலயும் படணும். இவங்களுக்கு அந்த ரெண்டாவது படல. அதான் வேஷம்னு நெனைக்கிறாங்க. கொரல் மூளைக்கு வேற வழியாப் போகுது, அதனால மொகம் தெரியாத போன்ல மட்டும் நீங்கதான்னு படுது. சண்டை போட்டு நிரூபிக்கப் பாக்காதீங்க. கத்தி, அருவாமனையெல்லாம் எடுத்து ஒளிச்சு வைங்க."

திருச்சிக்குப் போன ரத்தம் டாக்டர் சொன்னதையே சொன்னது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

அந்த வாரங்களில் சிக்கந்தர் தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருந்தான். முன்னறையில் படுத்தான். சாயங்காலமானால் பூத்துக்குப் போய் மனைவியோடு பேசினான்.

"இன்னிக்கு அவன் புள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தான் மச்சான்," என்பாள். "அப்படியே உங்கள மாதிரியே. பாக்கவே பயமா இருக்கு."

கேட்டுக் கேட்டு, சவரம் செய்யும்போது தன் முகத்தையே அவன் வெகுநேரம் பார்க்க ஆரம்பித்தான். அந்த இன்னொருவன் மேல் அவனுக்கே சந்தேகம் வந்தது. சில நாள் பொறாமைகூட.

மெல்ல அவள் முகத்து வீக்கம் வடிந்தது. கம்பளி பெட்டிக்குள் போயிற்று. ஒருநாள் காலை கொல்லைக் குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது துண்டோடு வந்து நின்றாள். ஈரம் சொட்டிய அவன் கன்னத்தில் கை வைத்தாள். அவள் கண் நிறைந்தது.

"மச்சான்... எப்ப வந்தீங்க?"

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "இப்பத்தான்."

அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஆளு போயிட்டாரா?"

"போயிட்டான்."

"அவருகிட்ட ஒரு நாளாவது மொகங்குடுத்துப் பேசிருக்கலாம்," என்றாள். "பாவம் மச்சான். நான் அவ்வளவு வெரட்டியும், எங்களையெல்லாம் பத்திரமாத்தான் பாத்துக்கிட்டாரு."

சிக்கந்தர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.