பத்துக்குப் பத்து

சான் அன்டோனியோவில் எங்கள் தெருவுக்கு, புது டிவி தொடர் எப்படி என்று வீடு வீடாகக் கேட்டு எழுத டிவி கம்பெனியிலிருந்து வந்தாள் யெசெனியா. வீடு தேடி வந்த பிள்ளையிடம் குறை சொல்ல மனசு வருமா, சொல்லுங்கள்? தெருவே பத்துக்குப் பத்து மார்க் போட்டது.

மறுநாள் அவளுடைய மேலதிகாரி ஒஃபேலியாவும் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எல்லாரும் பத்துன்னா எவன்டி நம்புவான்? உன் வேலைதான் போகும். பேப்பரை மூடு, கையைக் கழுவு" என்று, சோளமாவைத் தோகையில் பொதிந்து வேகவைக்கும் தமாலே மடிக்க அவளை எங்களோடு உட்காரவைத்தாள்.

மாவில் கை பட்டதும் எங்கள் வாய் தானாகத் திறந்தது.

"தொடர்ல வர்ற அந்த மாமியார் பாதிரியார் மாதிரில்ல பேசுறா!" என்றாள் என் நாத்தனார் எல்விரா.

"அவ அடுப்புல ஒரு எண்ணெய்ப் பொட்டு உண்டா? சமைக்கவே தெரியாதவ!" என்றேன் நான்.

யெசெனியா மாவுக் கையோடு எழுதினாள்.

நாங்கள் சொன்னதை வைத்துத் தொடரை மாற்றி எழுதுகிறார்களாம். வேலை நிலைத்த சந்தோஷத்தில் அடுத்த மாதம் யெசெனியா புதுச் சட்டையோடு ஓடி வந்தாள். "சட்டை எப்படி இருக்கு அத்தை?"

"பத்துக்குப் பத்து!"

"முதல்ல மாவைப் பிசைங்க, அப்புறம் கேக்குறேன்."