கைராசிக்கார டாக்டர்

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயது பன்னிரண்டு. அதற்கென்று சொந்தமாக ஒரு டாக்டரும் உண்டு. படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வை பார்ப்பவர், அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவளுடைய கணவர். அது எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாட்களில் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வராததுமாக ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். "பவர் சப்ளை வீக்கு" என்பார். ஊதுவார், தட்டுவார், பெருமூச்சு விடுவார். சில நாள் அன்றைக்கே எழுப்பிவிடுவார், சில நாள் மறுநாளும் இழுத்தடிக்கும். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பதும் டீ போட்டுக் கொடுப்பதும் அவள் வேலை.

டாக்டர் என்று பெயர் வைத்தவளே அவள்தான். தங்கையிடமும் நாத்தனாரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அவருக்குக் கைராசிப்பா, தொட்டாப் போதும்" என்று பீற்றிக்கொள்வாள். புதுசு வாங்கலாமா என்று கேட்டால், "நான் இருக்கறப்போ அது எதுக்கு?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்துவார். அதைக் கேட்க அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் அவள் பிழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வடிவமைத்துக் கொடுப்பாள். பார்த்துப் பார்த்துச் செய்வாள். அவள் கை பட்ட பக்கத்தில் ஒரு வரி கோணாது. வேலை பழுது என்று யாரும் சொன்னதில்லை, நேரம் தவறுகிறது என்றுதான் சொன்னார்கள். சரியாக வேலை முடிகிற நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன பெட்டி படுத்துக்கொள்ளும். போன வருஷம் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. அன்றைக்கு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். "போனாப் போகுது விடு, நான் இருக்கேன்ல" என்றார்.

இந்தத் தடவை பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருக்கும் அம்மா பச்சையாகவே சொல்லிவிட்டார்.

"இதுவும் தள்ளிப் போச்சுன்னா வேற ஆளைப் பாத்துடுவாங்கம்மா. அப்புறம் என் கைல ஒண்ணும் இல்ல."

இன்று மத்தியானத்துக்குள் புத்தகம் போய்ச் சேர வேண்டும். நேற்று ராத்திரி சாப்பிடப் போகும்வரை உட்கார்ந்து முடித்துவிட்டாள், கடைசி அத்தியாயத்தில் சில திருத்தங்கள் மட்டும் பாக்கி. காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் "பீப்... பீப்..." என்று ஒப்பாரி வைத்தது.

கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மறுபடியும் படுத்துடுச்சு."

"அடடா. நீ எதையும் திறக்காத, ஷாக் அடிச்சிடப் போகுது. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"மத்தியானம் அனுப்பியாகணும்ங்க."

"நான் என்னம்மா பண்ணுவேன்? அவங்ககிட்ட ஒரு நாள் டைம் கேளேன்."

டைம் கேட்கிற முகம் அவளுக்கு இல்லை. கொஞ்ச நேரம் அந்த இருட்டுத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, டாக்டருக்குத் துரோகம் செய்கிற குற்ற உணர்ச்சியோடு, தெருமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு வர முடியாதும்மா, கடைல நான் ஒருத்தன்தான்" என்றார் கடைக்காரர். "போனைப் பெட்டி பக்கத்துல வைங்க, சத்தத்தைக் கேப்போம்."

வைத்தாள். பீப், பீப்.

"மெமரிதான். நீங்களே பண்ணிடலாம். முதல்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஸ்குரூவைக் கழற்றிப் பக்கத்து மூடியை எடுத்தாள். இத்தனை வருஷமாக டார்ச் அடித்தாலும் உள்ளே உற்றுப் பார்த்தது அன்றுதான்.

"பச்சையா, நீட்டமா ஒரு பட்டை நிக்குதா? அதோட ரெண்டு முனையிலயும் கிளிப் பிடிச்சிருக்கும். அதை அமுக்கித் திறங்க."

"திறந்துதாங்க இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"ரெண்டுமேவா? சரி, பட்டையை வெளிய எடுத்து, கீழ மஞ்சளா இருக்கற ஓரத்தை அழி ரப்பரால தேய்ங்க. திரும்ப வச்சு நல்லா அமுக்குங்க. கிளிப் ரெண்டும் டக்குனு வந்து பிடிச்சுக்கும்."

பிடித்துக்கொண்டது. பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று விழித்தது.

"இந்தக் கிளிப் தானா திறந்துக்குமா?"

"தானா திறக்காதும்மா. யாராவது சுத்தம் பண்ணிட்டு மாட்ட மறந்திருப்பாங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவள் திருத்தங்களை முடித்து, புத்தகத்தை அனுப்பினாள். "சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சே!" என்று பதிப்பாசிரியர் அம்மா ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவளால் முடியவில்லை. நேற்று இரவு சாப்பாடு வரைக்கும் ஓடிய பெட்டி. வீட்டில் இருப்பது இரண்டே பேர். மறந்திருப்பார், மறந்திருப்பார் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஓடுகிற பெட்டியை ராத்திரியில் எதற்குத் திறக்க வேண்டும் என்று மனம் திருப்பிக் கேட்டது. பெட்டி படுத்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். வேலை இல்லாத நாளில் அது ஒரு தடவைகூடப் படுத்ததில்லை.

சாயங்காலம் கணவர் வந்தார். வரும்போதே குரலில் ஓர் உற்சாகம்.

"என்ன பண்ணுது நம்ம பேஷண்ட்?"

"நீங்களே பாருங்க."

அவள் டார்ச் பிடித்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றினார். "பவர் சப்ளைதான்" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டார். பவர் சப்ளை ஒரு மூலையில் இருக்க, கை நேராக அந்தப் பட்டைக்குப் போனது. ஒரு முனையைத் தடவியது. மறுமுனையைத் தடவியது. இரண்டு கிளிப்பும் இறுக்கமாகப் பிடித்திருந்தன. கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் கையை வெளியே எடுத்ததும் அவள் ஸ்விட்சைப் போட்டாள். திரை விழித்துக்கொண்டது.

"புக்கு மத்தியானமே போயிடுச்சு" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நீ இதுல உக்காந்துட்டா, நான் ஒருத்தன் இருக்கறதே உனக்குத் தெரியறதில்ல" என்றார். "இது படுத்தாத்தான் என்னைத் தேடுற. கிடங்குல என்னை யார் மதிக்கறா சொல்லு. இங்க வந்தாத்தான் நான் ஒரு ஆளு."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அந்த இரக்கம்தான் அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

"கலைக்களஞ்சியம் போச்சே, அப்பவும் நீங்கதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அழுதுட்டு இருக்கேன். ஏன் அழறேன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தீங்க."

"மன்னிச்சிடும்மா" என்று எழுந்து, வழக்கம்போல அவள் தோளில் கை வைக்க வந்தார்.

அவள் டார்ச்சை அணைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"என்னைத் தொடாதீங்க" என்றாள்.