மத்தியானத் தூக்கத்துப் பாஷை

தாணுலிங்கம் வீட்டில் பேசுகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சோறு, மோர், போதும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் மளிகையும் ஏற்றிவிடுகிற வியாபாரம். காலையிலிருந்து கத்திக் கத்தி வாய் ஓய்ந்துபோகிறது என்பார். அவர் மனைவி செண்பகமும் இருபத்திரண்டு வருஷமாக அதை நம்பியிருந்தாள்.

போன மாசம் அந்த நம்பிக்கை கவிழ்ந்தது. ஒன்றரை மணிக்குக் கடையை அடைத்து, சாப்பிட்டுவிட்டு, நாலு மணிவரை படுப்பது அவர் வழக்கம். அன்று பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள் பார்க்கிறாள்: கண் மூடியிருக்கிறது, வாய் மட்டும் ஓடுகிறது. "லெபீரா தோமு தோமு, சக்கினா வூலே" என்கிறார். யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல நிறுத்துகிறார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. தொலைந்துபோயிற்று என்றல்லவா நினைத்திருந்தாள்? வீட்டைப் பட்டினி போட்டுவிட்டு மனுஷன் வேறு யாருக்கோ விருந்து வைக்கிறார்.

எழுந்ததும் கேட்டாள்.

"கனவா? எனக்கா? போளா, காப்பியக் கொண்டா."

கப்பல் வந்துபோகிற ஊரில் புருஷன் புரியாத பாஷை பேசினால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? ஏதோ ஒரு நாட்டில் ஒருத்தி இருக்கிறாள். இவருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, பக்கத்திலிருக்கிற வல்லநாட்டைத் தாண்டினால் வயிறு சரியில்லாமல் போய்விடும் என்பதெல்லாம் அவள் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் மத்தியானமே செல்போனில் பதிவு செய்துவிட்டாள்.

முதலில் காயல்பட்டினத்து மூஸா நெய்னாவிடம் போனாள். துபாயில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, இப்போது அடுத்த தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அரபு இல்ல, இந்தி இல்ல, மலையாளமும் இல்ல. ஆனா தங்கச்சி, ஆளு ரொம்ப சந்தோசமா இருக்காரு. அது மட்டும் தெரியுது."

அது தெரியாமலா அவள் வந்தாள்?

அடுத்தது பிரைட்டன் என்கிற பையன். ஏஜென்ட் ஆபீஸ் வேலையாகத் தினமும் கப்பல் ஏறி இறங்குகிறவன். யார் குரல் என்று சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பதிவை அனுப்பினாள். மூன்றாம் நாள் வந்து நின்றான்.

"பிலிப்பைன்ஸ்காரன்ட்ட போட்டேன், சீனாக்காரன் பேச்சுங்கான். சீனாக்காரன் ரஷ்யான்னு சொல்லுதான். ரஷ்யாக்காரன் சிரிக்கான்க்கா. இது ஒங்க தமிழ்தானேங்கான்."

ஆக, உலகத்திலேயே இல்லாத பாஷை. செண்பகத்துக்கு ஆறுதலுக்குப் பதில் அழுகைதான் வந்தது. எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் தேடிப்போய் முடியைப் பிடித்து உலுக்கலாம். இல்லாத ஊர்க்காரியை என்ன செய்வது? அவர் சிரிக்கிற இடத்துக்குப் போக அவளுக்கு மட்டும் வழியில்லை.

அன்று மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஆரம்பித்தார். நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருக்கிற இடைவெளி வந்தது. செண்பகம் துணிந்தாள்.

"கும்மிலா சேரோ?"

அவர் புருவம் உயர்ந்தது. "வூலே?"

"வூலேதான். பாலிக்கோ தோமு தோமு."

களுக்கென்று சிரிப்பு. அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், கொஞ்சினாள், அடுத்த வீட்டு வடிவம்மாளைப் பற்றிப் புறணிகூடப் பேசினாள். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று 'ஏங்க' என்றே கூப்பிட்டு வந்தவள். அந்தப் பேர் இப்போது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "திக்கோ" என்று புதுப்பேர் வைத்துக் கூப்பிட்டாள்.

"ஓ" என்றார் தாணுலிங்கம்.

கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அவளும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

நாலு மணிக்கு எழுந்து காப்பித் தம்ளரை வாங்கியவர், கடைக்குப் போகாமல் நின்றார்.

"ஏளா, கனவுல நீ வந்த."

"நானா?"

"ஆமா. என்னல்லாமோ பேசுன. ஒரு எழவும் புரியல, ஆனா நல்லா இருந்துச்சு." ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுல மட்டும் ஏன் வாயே தொறக்க மாட்டேங்கே?"

செண்பகத்துக்குச் சிரிப்பதா, காப்பிச் சட்டியைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு மணிக்கே கடைய அடைச்சிட்டு வாங்க," என்றாள். "பேசுதேன்."